பிடித்து விட்டுவிட்டால் கணக்கு தீர்ந்ததா?

கறுப்பு நிறத்தில், ஒன்பது அங்குல நீளத்தில், அதாவது ஏறக்குறைய 23 சென்டிமீட்டரில், ஒரு பிளாஸ்டிக் விலாங்கு மீன். இதைப் பற்றி நம் இதழில் ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். ஆசிரியர் குழுவில் இருக்கும் அண்ணனும் அதையேதான் கேட்டார். "தம்பி, தர்மத்தைப் பத்தி எழுதுன்னு சொன்னா நீ தூண்டி போடுறதப் பத்தி எழுதுறியே" என்றார். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முள்ளை எந்த இடத்தில் குத்துவது என்று முடிவு செய்யும்போதே தர்மம் வந்துவிடுகிறது.

நான் கிள்ளான்காரன். இப்போது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. இங்கே கடலோரத்தில் கோடைக்காலம் முழுக்க எல்லாரும் பேசுவது ஒரே ஒரு மீனைப் பற்றித்தான்: ஸ்ட்ரைப்டு பாஸ். சுருக்கமாக ஸ்ட்ரைப்பர். உடம்பு வாகு நம்ம ஊர் சியாக்காப் மாதிரி இருக்கும். வெள்ளி உடம்பில் தலையிலிருந்து வால் வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடு ஓடும். எங்கள் துறைப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு பெரியவர்தான் எனக்கு இந்தத் தூண்டில் வேலையைக் கற்றுக்கொடுத்தார். லேத் மெஷினில் கை வைக்கும் அதே கவனத்தோடு பிளாஸ்டிக் விலாங்கில் முள் கோப்பார்.

போன வருஷம் செப்டம்பர் கடைசியில் அம்மாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரைப்பர்கள் தெற்கே திரும்பிப் போகும் பருவமும் நம் புரட்டாசி விரதமும் ஒரே நேரத்தில் வருகின்றன. அம்மா கேட்டார்: "ஏன் ஐயா, புரட்டாசியில மீன் தொட மாட்டேங்குற. ஆனா ராத்திரி போயி மீன் புடிக்கிற. இது எந்த ஊரு விரதம்?"

"புடிச்சி விட்டுடுறதுதான்மா இங்க வழக்கம். யாரும் கொல்லறதில்ல."

"விட்டுடுறதுக்கு எதுக்கு ஐயா புடிக்கணும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மீனையும் விலாங்கையும் பற்றிக் கொஞ்சம். ஸ்ட்ரைப்பர் ஆற்றில் பிறந்து கடலில் வாழ்வது. பெரும்பாலானவை செசபீக் விரிகுடாவில் வந்து விழும் ஆறுகளில் பிறக்கின்றன. ஹட்சன் ஆறும் இன்னொரு பிறப்பிடம். வளர்ந்த மீன்கள் வசந்தத்தில் வடக்கே வந்து, கோடையை இங்கே கழித்து, குளிர் தொடங்கும்போது திரும்பும். அமெரிக்க விலாங்கு நேர் எதிர். அது நடு அட்லாண்டிக்கில் சர்காசோ கடலில் பிறந்து, கண்ணாடி மாதிரிக் குஞ்சாகக் கரைக்கு வந்து, ஆறு குளங்களில் பல வருஷம் வாழ்ந்துவிட்டு, சாகுமுன் ஒருமுறை முட்டையிட மறுபடி அந்தக் கடலுக்கே போகும். எதிரெதிர் திசையில் பயணம் போகும் இரண்டும் சந்திக்கும் இடம் கழிமுகம். அங்கே இருட்டில் ஸ்ட்ரைப்பர் விலாங்கைத் தின்னும்.

அதனால்தான் பழைய ஆட்கள் உயிருள்ள விலாங்கை வாங்கி, ஐஸில் போட்டு மந்தமாக்கி, உதட்டில் முள்ளைக் குத்தி, இருட்டில் வீசுவார்கள். இன்றைக்கும் செய்கிறார்கள். ஆனால் அமெரிக்க விலாங்கு இப்போது அழியும் ஆபத்தில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் இருக்கிறது. இந்த இடத்தில் பிளாஸ்டிக் விலாங்குக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது: ஒரு மீனைப் பிடிக்க இன்னொரு உயிரை முள்ளில் கோக்க வேண்டியதில்லை. இந்த நியாயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. அதே சமயம், பிவிசி பிசினை எண்ணெய் போன்ற மென்மையூட்டியில் கலந்து, சூடாக்கி, அச்சில் ஊற்றி எடுக்கும் பொருள் அது. புளூஃபிஷ் என்று ஒரு மீன் இருக்கிறது, பல் கத்தரிக்கோல் மாதிரி. அது வந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஒரு பாக்கெட் விலாங்குக்கும் வால் இருக்காது. வெட்டுப்பட்ட வால் எல்லாம் கடலில். பிளாஸ்டிக் இரைகளை மீன்களின் வயிற்றிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். (இன்ஜினியரிங் தம்பி தங்கைகளுக்கு ஒரு துணுக்கு: வேறு வேறு வகைப் பிளாஸ்டிக் லூர்களை ஒரே டப்பாவில் போட்டால் மென்மையூட்டி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இடம் மாறி எல்லாம் உருகிக் கூழாகிவிடும். பாலிமர் பாடம் சும்மா இல்லை.)

சரி, எதை எடுப்பது? இருட்டில் கறுப்பு. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் மீன் கீழேயிருந்து மேலே பார்க்கிறது. வானத்துக்கு எதிரே கறுப்பு உருவம்தான் தெளிவாகத் தெரியும். பகலில் ஆலிவ் பச்சை, வெள்ளை. பிங்க்கூட நன்றாக ஓடும். எந்த விலாங்கு பிங்க் நிறத்தில் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். பாறை நிறைந்த ஆழமில்லாத கரையில் எடை சேர்க்காமல் அல்லது வயிற்றில் சின்ன ஈயம் பிடித்த முள்ளோடு மெதுவாக இழுக்கலாம். கேப் காட் கால்வாய் மாதிரி இடத்தில் அது நடக்காது. அந்தக் கால்வாய் சுமார் 146 மீட்டர் அகலம், ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திசை மாறும், ஓடும்போது ஆறு மாதிரி ஓடும். அங்கே ஈயத் தலை வைத்த கனமான ஜிக்கில் விலாங்கைச் செருகி, வழுக்காமல் இருக்க ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, அடியில் உருட்டிக்கொண்டு வர வேண்டும்.

முள் கோப்பதுதான் முக்கியம். பெரியவர் முதலில் முள்ளை விலாங்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார். முள்ளின் வளைவு உடம்பில் எங்கே வருகிறதோ அங்கே நகத்தால் ஒரு குறி. பிறகு மூக்கின் நட்டநடுவில் குத்தி, ஒரு சென்டிமீட்டர் போனதும் தாடைக்கு அடியில் வெளியே எடுத்து, முள்ளை முழுக்க இழுத்துத் திருப்பி, குறி வைத்த இடத்தில் வயிற்றின் நடுக்கோட்டில் ஏற்றி, முதுகுத் தோலில் நுனி லேசாகப் பதுங்கும்படி வைக்க வேண்டும். அப்போதுதான் பாசியில் மாட்டாது. உடம்பு ஊசி மாதிரி நேராக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினாலும் தண்ணீரின் இழுவை இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. விலாங்கு சுழலும், தங்கூசி முறுக்கிக்கொள்ளும், மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. வயிற்றில் ஈயம் இருந்தால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கி உடம்பு புரளாமல் நிற்கும். படகுக்கு அடிக்கட்டை செய்யும் அதே வேலை.

இதில் ஒரு கிளைப் பாதை உண்டு. இரண்டு முள் வைப்பது. முன் முள்ளிலிருந்து ஒரு துண்டு நூலைக் கட்டி, உடம்புக்குள் நீளமான ஊசியால் இழுத்து, வால் பக்கம் இன்னொரு முள். வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகும் மீனும் அப்போது மாட்டும். கடிகள் வீணாகாது. பெரியவர் இதை எனக்குச் செய்து காட்டினார், ஆனால் அவர் வீசுவதில்லை. காரணம் கேட்டேன். முன் முள்ளில் மீன் மாட்டிப் போராடும்போது பின் முள் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். அது கண்ணிலோ செவுளிலோ போய் ஏறும், இல்லாவிட்டால் அவிழ்க்கும் என் கையில் ஏறும் என்றார். ஒற்றை முள்தான் அவருக்கு. அதிலும் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னப் பல்லைப் பிளையரால் நசுக்கிவிடுவார். சில மீன் கழன்று போகும். போகட்டும் என்பார்.

அவர் பக்தியைப் பற்றியோ பாவத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தனக்குக் கிடைப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு எதிரில் இருக்கும் உயிருக்குப் படும் காயத்தைக் குறைக்கிறார். அகிம்சை என்று நாம் மேடையில் பேசுவதை, பிளையரும் கையுமாகச் செய்கிற ஆள்.

ஏமாற்று வேலை என்ற விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இல்லாத விலாங்கை இருக்கிற மாதிரி காட்டுவது பொய்தானே என்று ஒரு நண்பன் வாதம் செய்தான். திருக்குறளில் வாய்மை அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வள்ளுவர் அங்கே முதலில் கேட்பது, சொன்னதால் தீமை விளைந்ததா இல்லையா என்பதைத்தான். வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மையும் குருவிக்குச் சொல்லும் பொய்தான். அதை யாரும் பாவம் என்பதில்லை. ஆகவே பிளாஸ்டிக் போலியானது என்பது பெரிய குற்றச்சாட்டு ஆகாது. அந்தப் போலிக்குள் முள் இருக்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு.

முள் வலிக்குமா? 2003-இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடனும் உடன் ஆய்வு செய்தவர்களும் ரெயின்போ டிரவுட் மீன்களின் முகத்தில், உதட்டில், காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் தேனீ விஷமோ அசெட்டிக் அமிலமோ ஏற்றிய மீன்கள் இரை எடுக்க நேரமானது. சில மீன்கள் ஆடி அசைந்தன, அமிலம் ஏற்றியவை உதட்டைக் கற்களில் தேய்த்தன. ஜேம்ஸ் ரோஸ் போன்ற விஞ்ஞானிகள் மறுத்தார்கள்: மனிதனுக்கு வலி என்ற அனுபவத்தைத் தரும் மூளைப் புறணி மீனுக்கு இல்லை, அதனால் அதை வலி என்று சொல்லக் கூடாது என்றார்கள். வாதம் இன்னும் ஓடுகிறது. எனக்கு அது முடியும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் தெரியவில்லை. பாலத்தின் பலம் சந்தேகமாக இருந்தால் இன்ஜினியர் பாதுகாப்புப் பக்கம் சாய்ந்துதான் கணக்குப் போடுவார். மீன் விஷயத்திலும் அப்படியே சாய்ந்தால் போதும்.

இனி எண்ணுக்கு வருவோம். அட்லாண்டிக் கரையோர மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் மீன்வள ஆணையம், விடப்படும் ஸ்ட்ரைப்பர்களில் 9 சதவீதம் பிறகு இறந்துவிடுவதாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நீந்திப் போய்விட்டது என்று நாம் கை தட்டும் மீன்களும் இதில் அடக்கம். பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர்கள் பிடிப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது விடப்படுகிறது. விளைவு என்ன தெரியுமா? சில ஆண்டுகளில், மனிதக் கையால் இறந்த மொத்த ஸ்ட்ரைப்பர்களில் ஏறக்குறைய பாதி இப்படி 'விட்டுவிட்ட' மீன்கள்தான்.

மெதுவாகப் போட்டுப் பாருங்கள். 9 சதவீதம் என்றால் பதினொன்றுக்கு ஒன்று. ஒருவர் முதல் மீனைக் கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்: ஓர் உயிர். இன்னொருவர் விடிய விடிய நின்று 22 மீன் பிடித்து 22-ஐயும் விடுகிறார்: சராசரியாக இரண்டு உயிர், சாப்பாடு எதுவும் இல்லை. இரண்டாமவர்தான் தன்னைக் கருணை உள்ளவர் என்று சொல்லிக்கொள்வார். 9 என்பது கரை முழுவதற்குமான சராசரி. ஒற்றை முள், பல் நசுக்கியது, மீனைத் தண்ணீரிலேயே வைத்து அவிழ்ப்பது எல்லாம் அதைக் குறைக்கும். ஜூலை வெயிலில் தண்ணீர் சூடாக இருந்தால், உப்பு குறைந்த ஆற்று நீராக இருந்தால், அது கூடும். எப்படிப் பார்த்தாலும் பூஜ்யம் ஆகாது.

சட்டங்களும் இரண்டு பக்கம் இழுக்கின்றன. சுவிட்சர்லாந்தில் 2008 முதல், விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டமும் நியாயமான காரணம் இல்லாமல் ஓர் உயிருக்கு வலி தரக் கூடாது என்கிறது. விளையாட்டு அந்தக் காரணம் ஆகாது என்று வழக்கு வந்திருக்கிறது. அங்கே பிடித்தால் சாப்பிடு. அமெரிக்கக் கரையிலோ விடச் சொல்லிச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. 1980-களில் ஸ்ட்ரைப்பர் இனம் சரிந்து, மேரிலாந்து மாநிலம் 1985-இல் பிடிப்பதையே முழுக்கத் தடை செய்தது. மீண்டு வந்த இனம் மறுபடி குறைந்ததால் 2023-இல் அவசர நடவடிக்கை எடுத்தார்கள். கடலோரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு மீன். அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையாமல், 31 அங்குலத்துக்கு மிகாமல். பெரிய பெண் மீன்கள்தான் நிறைய முட்டையிடும், அவை பிழைக்கட்டும் என்பதற்காக. இந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாரும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனால் நம் பிள்ளைகளுக்குப் படத்தில்தான் காட்டணும். ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போவது ஒன்றோடு நிற்கும் என்று சொல்லும் சட்டம், விடுவதற்காக எத்தனை பிடிக்கலாம் என்று எதுவும் சொல்வதில்லை. மிச்சம் இருக்கும் அந்த இடத்தைச் சட்டம் நம்மிடம் விட்டுவிட்டது.

மீனை விடுவது என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஒருவர் நினைவுக்கு வர வேண்டும்: அதிபத்த நாயனார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவர். தினமும் பிடிக்கும் மீனில் ஒன்றைச் சிவனுக்கு என்று கடலிலேயே விடுவார். சேக்கிழார் சொல்லும் கதையில், வலையில் ஒரே ஒரு மீன் மட்டும் விழும் காலம் வருகிறது. நாள் கணக்கில் அப்படியே. அந்த ஒன்றையும் விட்டுவிட்டுப் பட்டினி கிடக்கிறார். கடைசியில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வருகிறது, அதையும் விடுகிறார். சமய வகுப்பில் நாம் எல்லாரும் கேட்ட கதைதான்.

கேப் காட் கரையில் நின்றுகொண்டு நினைத்தால் இந்தக் கதை வேறு மாதிரி தெரிகிறது. அதிபத்தர் சும்மா விடுவதற்காகக் கடலுக்குப் போனவர் இல்லை. பிழைப்புக்குப் போனார், தேவையானதை எடுத்தார், அதில் ஒன்றை விட்டார். விட்டதற்கான விலையை அவரே கொடுத்தார், தன் வயிற்றால். படம் எடுத்துவிட்டு மீனை விடும் நம் ஆள் என்ன விலை கொடுக்கிறார்? அவருக்கு வீட்டில் பீட்சா இருக்கிறது. உதடு கிழிந்ததும், மூச்சு வாங்கியதும், பதினொன்றில் ஒன்று செத்ததும் மீன் கொடுத்த விலை. இரண்டுக்கும் 'விட்டார்' என்று ஒரே சொல்லைப் போடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

என் ரூம்மேட், அவனும் நம்ம பையன்தான், ஈப்போ, இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "நீ வருஷத்துல பதினொரு மாசம் சிக்கன் ரைஸ் சாப்பிடுறவன். உனக்கு எதுக்கு மீன் மேல இவ்ளோ பாசம்?" நியாயமான குத்து. கோழிக்குப் படும் பாடு ஸ்ட்ரைப்பருக்குப் படுவதைவிடப் பல மடங்கு என்பதும் உண்மை. ஆனால் ஒரு விஷயத்தில் கணக்குச் சரியில்லை என்பதால் இன்னொரு விஷயத்தில் கணக்கே பார்க்கக் கூடாது என்று வராது. அவன் சொன்னது கோழிப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கான காரணம், மீன் பக்கத்தை மூடுவதற்கான காரணம் இல்லை. "அதையும் ஒரு நாளைக்குப் பேசலாம் வாடா" என்றேன். அவன் ஃபிரிட்ஜைத் திறக்கப் போய்விட்டான்.

இன்னொரு பேச்சும் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. இந்த மீனுக்காகப் போராடியவர்களில் நிறைய பேர் தூண்டில்காரர்கள். 31 அங்குல வரம்பு வந்தபோது வரவேற்றவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். இரவு நேரத்தில் கரையில் நிற்காதவனுக்கு ஸ்ட்ரைப்பர் என்பது சூப்பர்மார்க்கெட்டில் ஒரு துண்டு. தண்ணீர் எப்போது திரும்பும், நிலா எங்கே நிற்கும், விலாங்கு எப்போது ஆற்றை விட்டு இறங்கும் என்று கவனிக்கக் கவனிக்கத்தான் அந்த உயிர் மேல் அக்கறை வருகிறது. எனக்கே அப்படித்தான் வந்தது. அதனால் தூண்டிலையே தூக்கிப் போடு என்று நான் சொல்ல வரவில்லை. கருணை என்ற பெயரில் எண்ணிக்கை ஏற்றுவதை மட்டும்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நம் நாட்டில் காசு கட்டித் தூண்டி போடும் சியாக்காப் குளங்களுக்கு வார இறுதியில் போகும் தம்பிகளும் இதே எண்ணிக்கையைத்தான் போனில் காட்டுகிறார்கள்.

அம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். புரட்டாசியில் இனி தூண்டில் கம்பு அலமாரியில் இருக்கும். விரதம் வாய்க்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் அது டயட்டாகிவிடும். "அப்ப மத்த மாசம்?" என்றார். மற்ற மாதங்களில் ஒற்றை முள், பல் நசுக்கியது, கடும் வெயில் வாரங்களில் போவதில்லை. வரம்புக்குள் ஒரு மீன் வந்தால் அது குழம்புக்கு வரும், அன்றைக்கு அதோடு கம்பை மடக்கிவிடுவேன். வரம்புக்கு வெளியே உள்ளதே வந்துகொண்டிருந்தால் மூன்றோடு நிறுத்துவேன். ஏன் மூன்று என்று கேட்டார். மூன்றுக்குச் சாஸ்திரம் எதுவும் இல்லை, எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டும், நான் அங்கே போட்டிருக்கிறேன்.

புரட்டாசி அக்டோபர் நடுவில் முடிகிறது. அதற்குப் பிறகும் சில வாரங்கள் ஸ்ட்ரைப்பர்கள் கால்வாய் வழியாகத் தெற்கே போய்க்கொண்டிருக்கும். பெரியவர் எனக்காக ஒரு பாக்கெட் கறுப்பு விலாங்கு எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.